மருந்துக்குக் கேட்காத கிருமிகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரி வெள்ளாமையோடு கறிக்கோழிக் கொட்டகையும் வைத்துள்ள சிறு விவசாயிகள் உண்டு. காட்டில் விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனமாகிறது. கோழி எரு மறுபடியும் காட்டுக்கே வருகிறது. இந்தச் சுற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கூடவே வரக்கூடும். ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாக் கிருமிதான் அது.

எப்படி உண்டாகிறது?

நோயில்லாத கோழிக்கும் முன்னெச்சரிக்கையாக இம்மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடலில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் பெரும்பாலானவை மடியும். மருந்தைத் தாங்கும் சில பிழைத்துப் பெருகும். அந்தத் திறனை மற்ற கிருமிகளுக்கும் கொடுக்கும். எச்சம், ஆழ்கூளம், வேலை செய்பவர் கை, சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றின் மூலம் இவை மனிதரிடம் வந்து சேரும். பின்னர் வீட்டுக் குழந்தைக்கு இக்கிருமியால் நோய் கண்டால், டாக்டர் தரும் மருந்து பலிக்காமல் போகலாம்.

வேறு மருந்து பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது கோலிஸ்டின். இதைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் பயன்படுத்துவதற்காகத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

கண்காணிப்பது எவ்வாறு?

எல்லாக் கோழிகளின் குடலிலும் ஈ. கோலி என்ற கிருமி இருப்பதால், அதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கோழியின் எச்சத் துவாரத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கின்றனர். கிருமி பரவிய தட்டில் மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைத்து ஓர் இரவு விட்டால், மருந்து பலிக்கும் இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். வட்டம் விழாவிட்டால் அந்த மருந்து வீண் செலவு.

பஞ்சாபில் 18 பண்ணைகளில் 530 கோழிகளை ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்டனர். முக்கியமான பல மருந்துகளைச் சிதைக்கும் ஈ. கோலி, கறிக்கோழிகளில் 100க்கு 87 ஆகவும் முட்டைக்கோழிகளில் 42 ஆகவும் இருந்தது.

நிலைமையை மாற்ற முடியும். கோழி வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்த அவோபார்சின் மருந்தை டென்மார்க் 1995இல் தடை செய்தது. கறிக்கோழிகளில் அதற்குக் கேட்காத ஒரு வகைக் கிருமி அப்போது 100க்கு 73 ஆக இருந்தது. 2000இல் 6 ஆகக் குறைந்தது.

பண்ணையாளர் செய்ய வேண்டியவை

1. வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது. உரிய நாளில் தடுப்பூசி போடுவதே வழி.

2. கோழிகள் சுணங்கினால், மருந்து கொடுக்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி மாதிரி எடுக்கச் செய்ய வேண்டும். மருந்து கொடுத்தபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம்.

3. மருத்துவர் சொன்ன அளவை, சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தக்கூடாது.

4. விற்கும் முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை மருந்துச் சீட்டில் பார்க்க வேண்டும். தனியாகக் கணித்த நாள் இல்லாத மருந்துக்கு, இறைச்சிக்கு 28 நாளும் முட்டைக்கு 7 நாளும் குறையக்கூடாது என்பது 2012 முதல் விதி. கறிக்கோழியின் ஆயுளே சுமார் ஆறு வாரம் என்பதை மறக்கக்கூடாது.

5. ஒப்பந்தப் பண்ணைக்கு நிறுவனமே மருந்து தந்தாலும், அதன் பெயர், தேதி, அளவு ஆகியவற்றை நோட்டில் குறித்து வைப்பது நல்லது.

6. கூளத்தை அடிக்கடி கிளறி உலர்வாக வைக்க வேண்டும். குடிதண்ணீரில் குளோரின் கலந்து கொடுக்க வேண்டும். ஒரு தொகுதி போனதும் கொட்டகையைச் சுத்தம் செய்து சில நாள் காலியாக விட வேண்டும்.

7. எருவைப் பச்சையாக வெங்காயக் காட்டில் போடக்கூடாது. குவித்து, சூடேறும்படி மக்கவைத்து, புரட்டிப் போட்டு, நன்றாக மக்கிய பிறகே இட வேண்டும்.

உள்ளூர்க் கால்நடை மருந்தகத்திலும், பெரம்பலூரில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்திலும் பண்ணையாளர்கள் ஆலோசனை கேட்கலாம்.