‘முதல்நிலை’ என்னும் சொல்லின் இடர்

இணையச் சேவைகளுள் பெரும்பாலானவை ஒரு நடுவத்தை நம்பியே இயங்குகின்றன. நாம் அனுப்பும் செய்தி சேவையகம் ஒன்றை அடைந்து, அங்கிருந்தே உரியவரைச் சேர்கிறது. 2001ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வரும் ‘குனூநெட்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இந்த நடுவத்தைத் தவிர்க்கிறது. அதில் சேரும் ஒவ்வொரு கணினியும் கேட்பதும் கொடுப்பதும் மட்டுமன்றி, பிறருடைய வேண்டுகோள்களையும் சுமந்து செல்கிறது. கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பதை மறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

மலேசியராகிய நமக்கு இது தொலைவான செய்தியன்று. வலைத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை ஒன்றுண்டு. 2024 செப்டம்பரில், கூகுள், கிளவுட்ஃபிளேர் ஆகியவற்றின் அத்தகைய சேவைகளை நாடிய வேண்டுகோள்களை உள்நாட்டுச் சேவையகங்களுக்குத் திருப்புமாறு இணைய நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. தீங்கான தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. நடுவழியில் இருப்பவரின் ஆற்றலை அந்நிகழ்வு அனைவருக்கும் காட்டியது.

குனூநெட்டின் கையேடு கட்டற்ற உரிமத்தில் வெளிவருவதால், அதை எவரும் தமிழாக்கலாம். கலைச்சொற்களுக்கும் பெரிய தட்டுப்பாடில்லை. சமநிலையில் இயங்கும் கணினியை ‘நிகர்க்கணினி’ எனலாம். இணையம், இணைப்பு என ‘இணை’ ஏற்கெனவே மிகுதியாகப் புழங்குவதால் ‘நிகர்’ தெளிவு தரும். பெயர் காட்டாமைக்கு ‘அநாமதேயம்’ உண்டு. ஆனால் அது மொட்டைக் கடிதத்தின் வாடையைச் சுமக்கிறது. ‘அடையாள மறைப்பு’ என்பதே நமக்கு ஏற்புடையது.

உண்மையான இடர் எண்களில் இருக்கிறது. கோப்பு ஒன்றைப் பகிர்பவர் மறைப்பின் அளவை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். 0 என்றால் மறைப்பே இல்லை. கோப்பின் அறிவிப்பில் அவருடைய கணினியின் கையொப்பமே இடப்படும். 1 என்பது இயல்பாக அமைந்திருப்பது. அதில் அடையாளம் நேரடியாக வெளிப்படாது. ஆயினும் வலையின் போக்குவரத்தை நெடுநாள் கவனிக்கும் வலிய எதிரி, அவரைக் கண்டறியக்கூடும். 10 எனக் குறித்தால், அவருடைய ஒவ்வொரு பங்கு தரவும் அதே காலப்பகுதியில் பிறருக்காகச் சுமக்கும் ஒன்பது பங்கு தரவுகளிடையே மறைந்தே வெளியேற வேண்டும். அவை வந்து சேரும்வரை அது காத்திருக்கும், வேகமும் குறையும்.

தைப்பூச நாளில் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒருவரைப் பின்தொடர்வது எளிதன்று. மறுவாரம் நள்ளிரவில் அதே சாலையில் தனியே நடப்பவர், முகத்தை மூடியிருந்தாலும் கண்ணில் படுவார். முகமூடி மட்டுமே அளவு 1. கூட்டம் திரளும்வரை தெருமுனையில் காத்திருந்து, பின்னர் அதனோடு நடப்பதே அதற்கு மேற்பட்ட அளவுகள்.

இனி, இந்த 1-ஐ மொழிபெயர்ப்பாளர் ‘முதல்நிலை மறைப்பு’ என எழுதினால் என்னாகும்? தமிழில் முதல்நிலை என்பது தலைசிறந்ததையும் குறிக்கும். வகுப்பில் முதல்நிலை பெற்ற மாணவர் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். கூட்டத்தின் துணை சற்றும் இல்லாத அளவை மிக உயர்ந்த காப்பென நம்பி, ஒருவர் தம் பணியையோ விடுதலையையோ பணயம் வைக்கக்கூடும். இலக்கணப் பிழை ஏதுமற்ற தொடரே அவரை ஏமாற்றியிருக்கும்.

ஆகவே ‘நிலை’ என்பதை விடுத்து, ‘மறைப்பு அளவு 1’ என எண்ணாகவே எழுதுவதை நாம் பரிந்துரைக்கிறோம். அதன் அருகிலேயே, அடிக்குறிப்பில் அன்றி, இவ்வாறு அமையலாம்: “இவ்வளவில் உங்கள் அடையாளம் நேரடியாகக் காட்டப்படாது, ஆனால் போக்குவரத்தை நெடுநாள் கவனிப்பவர் உங்களைக் கண்டறியக்கூடும்.” அத்தொடரின் ‘கூடும்’ சுருக்கத்திற்காகவும் நீக்கப்படலாகாது.