முதுகில் கேன் சுமக்கும் லாரி!

அமெரிக்காவில் பழைய கார்களுக்கும் லாரிகளுக்கும் அடிக்கடி கண்காட்சி நடக்கும். தாத்தா காலத்து வண்டிகளைப் பளபளவென்று துடைத்து, வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த வரிசையில், நம்மூர் 'குட்டி யானை' மாதிரி பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்-அப் வண்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1946-இல் வந்த டாட்ஜ் பவர் வேகன், 1947-இல் வந்த வில்லிஸ் பிக்-அப் போன்றவை அங்கே ரொம்பப் பிரபலம். அவற்றில் சிலவற்றின் பக்கவாட்டில் பச்சை நிறத்தில் ஒரு தகரக் கேன், பள்ளிக்கூடப் பை மாதிரி வாரால் கட்டப்பட்டுத் தொங்கும்.

அந்தக் கேன் வண்டியோடு வந்தது அல்ல. ராணுவம் வேண்டாம் என்று கழித்து விற்ற சாமான். வண்டிக்காரர்கள் தேடிப்பிடித்து வாங்கி மாட்டுகிறார்கள். 'ஒரு பெட்ரோல் கேனுக்கா இத்தனை மவுசு?' என்கிறீர்களா? கதையைக் கேட்டால் நீங்களும் ஒன்று வேண்டும் என்பீர்கள்!

இதன் பெயர் 'ஜெர்ரி கேன்'. பிறந்த இடம் ஜெர்மனி. 1937-இல் ஷ்வெல்ம் என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் இதை வடிவமைத்தார். கொள்ளளவு 20 லிட்டர். நம் வீட்டுக்கு வருகிற குடிதண்ணீர் கேனின் அதே அளவுதான்.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். ஒன்றல்ல, மூன்று! எதற்கு மூன்று? ஒரே ஆள் தூக்குவதானால் நடுக்கைப்பிடி. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்கு ஓரக் கைப்பிடி ஒன்று. காலி கேன்களாக இருந்தால், இரண்டு கேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓரக் கைப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே கையில் தூக்கலாம். அப்படியென்றால் இரண்டு கையிலும் சேர்த்து நான்கு கேன்! வீரர்கள் வரிசையாக நின்று கைமாற்றி அனுப்பவும் இது வசதி.

பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. தட்டையான தகரம் லேசாக அழுத்தினாலே வளையும். அதில் மடிப்பு விழுந்தால் உறுதி கூடும். ஒரு காகிதத்தை நேராகப் பிடித்தால் தொங்கிவிடும். விசிறி மாதிரி மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? அதே தந்திரம்தான். வெயிலில் பெட்ரோல் விரிவடையும்போது தகரம் கொஞ்சம் உப்பிக்கொள்ளவும் இந்தப் பள்ளம் இடம் கொடுக்கும். இரண்டு பாதித் தகரங்களை வெல்டிங் செய்து ஒட்டிய கோடும் உள்வாங்கியே இருக்கும். கீழே விழுந்தாலும் அந்தக் கோட்டில் அடிபடாது.

மூடிக்குத் திருகு கிடையாது. நெம்புகோலைத் தட்டினால் திறக்கும், அழுத்தினால் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே காற்றுப் போக ஒரு சின்னக் குழாயும் உண்டு. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், 'குபுக் குபுக்' என்று விட்டுவிட்டுத்தான் ஊற்றும். வெளியேறும் தண்ணீரின் இடத்துக்குக் காற்று உள்ளே வர வழி தேடுவதுதான் காரணம். ஜெர்ரி கேனில் காற்றுக்குத் தனி வழி இருப்பதால் பெட்ரோல் சீராகக் கொட்டும். கைப்பிடிக்குக் கீழே காற்று தங்க ஓர் இடமும் விட்டிருக்கிறார்கள். அதனால் நிறைந்த கேன் தண்ணீரில் விழுந்தால்கூட மிதக்கும்!

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மனியோடு மோதிய பிரிட்டிஷ் படையிடம் என்ன இருந்தது தெரியுமா? மளிகைக் கடை எண்ணெய் டின் மாதிரி, மெல்லிய தகரத்தில் செய்த சதுர டின். வீரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஃபிளிம்சி'. சொத்தை என்று அர்த்தம்! லாரி குலுங்கினால் ஓட்டை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஓட்டை. கிளம்பிய இடத்திலிருந்து போர்முனைக்குப் போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய 30 சதவீத பெட்ரோல் மணலில் ஒழுகிப் போனதாகக் கணக்குப் போட்டார்கள். பாலைவனத்தில் பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஜெர்மன் கேன் கையில் கிடைத்தால் பிரிட்டிஷ் வீரர்கள் விடவே மாட்டார்கள். ஜெர்மானியர்களைக் கேலியாக 'ஜெர்ரி' என்று அழைப்பது அவர்கள் வழக்கம். 'ஜெர்ரியின் கேன்', ஜெர்ரி கேன் ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேன் போருக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்திருக்கிறது! பால் பிளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1939-இல் ஒரு ஜெர்மன் நண்பரோடு பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் கிளம்பினார். அவசரத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டுமே என்று, அந்த நண்பர் ராணுவக் கிடங்கிலிருந்து மூன்று கேன்களைக் கொண்டுவந்தார். நடுவழியில் நண்பரை ஜெர்மனிக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். பிளைஸ் மட்டும் கல்கத்தா வரை வந்து சேர்ந்து, காரையும் கேன்களையும் அங்கேயே விட்டுவிட்டு அமெரிக்கா போனார்.

அங்கே ராணுவ அதிகாரிகளிடம் கேனைப் பற்றிச் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. 1940-இல் கல்கத்தாவிலிருந்து கார் கப்பலேறி வந்ததும் கேனையே நேரில் அனுப்பினார். அப்போதும் பலன் இல்லை. பிறகு ஒருவழியாக வடிவத்தைக் காப்பி அடித்தார்கள். ஆனால், வெல்டிங்கை விட்டுவிட்டு விளிம்பை மடித்து ஒட்டினார்கள். நெம்புகோல் மூடிக்குப் பதில் திருகு மூடி வைத்தார்கள். திறக்க ஸ்பானர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும். காப்பி அடித்ததுதான் அடித்தார்கள், ஒழுங்காக அடித்திருக்கக் கூடாதா! பிரிட்டிஷ்காரர்கள் புத்திசாலிகள், ஜெர்மன் கேனை அப்படியே அச்சு அசலாகச் செய்துகொண்டார்கள்.

1944 ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. ஆகஸ்டில் படை வேகவேகமாக முன்னேறியது. பின்னாலேயே லாரிகள் இரவு பகலாகக் கேன்களை ஏற்றிக்கொண்டு ஓடின. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஜெனரல் பேட்டனின் டாங்கிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டன. தூரம் அதிகமானதுதான் முக்கியக் காரணம். கேன் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. ஏனென்றால், பெட்ரோலை ஊற்றிய வீரர்கள் காலிக் கேனைச் சாலையோரம் வீசிவிட்டுப் போய்விட்டார்கள். சிலர் சேற்றில் நடக்கக் கேன்களைப் பரப்பிப் பாதை போட்டார்கள்! அக்டோபரில் எண்ணிப் பார்த்தால் சுமார் 35 லட்சம் கேன்களைக் காணவில்லை.

என்ன செய்வது? பத்திரிகையிலும் வானொலியிலும் அறிவிப்பு கொடுத்தார்கள். யாரிடம் உதவி கேட்டார்கள் தெரியுமா? பிரான்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம்! கேன் சேகரித்துக் கொடுத்தால் பரிசு, சான்றிதழ் என்றார்கள். உங்களைப் போன்ற வாண்டுகள் வாய்க்காலிலும் வயலிலும் தேடத் தொடங்கினார்கள். டிசம்பர் முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேலான கேன்கள் திரும்பி வந்துவிட்டன!

போர் 1945-இல் முடிந்ததும் மிஞ்சிய கேன்கள் மலிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் வாங்கித் தங்கள் பிக்-அப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டுவதற்குப் போர்க்கால ஜீப்தான் வழிகாட்டி. அதன் பின்பக்கம் வலதுபுறம் உபரிச் சக்கரம், இடதுபுறம் கேன். விளிம்பு உயர்ந்த ஒரு சின்ன இரும்புத் தட்டில் கேனின் அடிப்பாகம் உட்காரும். மேலே வாரைப் போட்டுக் கொக்கியில் இழுத்துக் கட்டுவார்கள். நிறைந்த கேன் கிட்டத்தட்ட 20 கிலோ. யு.கே.ஜி. படிக்கும் தம்பியின் எடை! மேடுபள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்தத் தம்பியும் குதிப்பான் அல்லவா? பக்கவாட்டுத் தகரத்தில் வெறுமனே போல்ட்டு போட்டால் தகரமே கிழிந்துவிடும். அதனால் உள்பக்கம் ஒரு தடித்த இரும்புப் பட்டையை வைத்து, அதோடு சேர்த்து முடுக்குவார்கள்.

கண்காட்சிக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் காலிக் கேன்தான் இருக்கும். பின்னால் வேறொரு வண்டி மோதினால், பெட்ரோல் நிறைந்த கேன் தீப்பிடிக்கும் என்ற பயம்தான்.

கேன் நிஜமாகவே போர்க்காலத்ததா, பின்னாளில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் அழுத்திப் பொறித்த எழுத்தைப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் கேன் என்றால் 'டபிள்யூ.டி.' என்ற எழுத்துகளும், ஓர் அம்புக்குறியும், வருடமும் இருக்கும். ஜெர்மன் கேனில் பெரிய வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தால் அது தண்ணீருக்கானது. அவசரத்தில் யாரும் பெட்ரோலைக் குடித்துவிடக் கூடாதே!

அமெரிக்கக் கேனின் அடியில் '20-5-43' என்று எண்கள் இருக்கும். 1943 மே 20 என்றுதானே நினைத்தீர்கள்? அதுதான் இல்லை! 20 என்பது தகரத்தின் தடிமனைக் குறிக்கும் எண். 5 என்பது ஐந்து காலன் கொள்ளளவு. கடைசி 43 மட்டும்தான் வருடம்.