குருதியில் புகும் ஈஸ்ட்

குளத்தூரும் வேம்பாரும் அமைந்த வட்டாரத்தில் பனைமரங்கள் மிகுதி. பதனீர் இறக்கும் பனையேறி, கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார். அக்கலயத்தில் வடிவது இனிய பதனீர். அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். சுண்ணாம்பு தடவாத கலயத்திலோ, சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். இம்மாற்றத்தைச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். காளான் இனத்தைச் சேர்ந்த அது, சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயத்தையும் கரியமிலவாயுவையும் உண்டாக்குகிறது. நுரை எழுவதற்கு அவ்வாயுவே காரணம்.

ஈஸ்ட்டுகள் பலவகைப்படும். அவற்றுள் காண்டிடா என்னும் வகை மனிதரின் வாயிலும் குடலிலும் தோலிலும் வாழ்வது. உடல் நலமாக இருக்கும்வரை அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆயினும், பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், குறைமாதக் குழந்தைகள், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோரின் குருதியில் அது புகுந்துவிடக்கூடும். புகுந்தபின் கண், இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்கும் பரவும். காய்ச்சலும் நடுக்கமும் அதன் அறிகுறிகள். அவையோ பாக்டீரியாவால் வரும் நோய்க்கும் உரியவை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்ட்டைக் கொல்லாது. மருந்து தவறிக் காலம் தாழ்ந்தால் உயிருக்கே கேடு நேரும். ஆதலால், நோய்க்குக் காரணமான கிருமி யாது என்பதை ஆய்வுக்கூடம் கண்டு கூறவேண்டும்.

நோயாளியின் தோலை நன்கு தூய்மை செய்து, குருதி எடுத்து, ஊட்டப்பொருள் நிறைந்த புட்டியில் இடுவர். அப்புட்டி உடல் வெப்பத்தை ஒத்த சூட்டில் ஐந்து நாள் வரை வைக்கப்படும். உள்ளே கிருமி இருப்பின், அது பெருகிக் கரியமிலவாயுவை வெளிவிடும். கருவி அதனை உணர்ந்து அறிவிக்கும். கலயத்தில் நுரையை எழுப்பிய அதே வாயு, இங்கே கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னர்ப் புட்டியிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டு, நுண்பெருக்காடியால் நோக்குவர். ஈஸ்ட் எனின், பாக்டீரியாவினும் பருத்த முட்டை வடிவ உயிரணுக்கள், மொட்டு விட்டவாறு காணப்படும். எனினும் இச்சோதனை ஏறக்குறையப் பாதி நோயாளிகளிடமே நோயைக் காட்டும். புட்டியில் ஒன்றும் வளராமையால் மட்டும் நோய் இல்லை என்று துணிதல் ஆகாது.

ஈஸ்ட் என அறிந்தால் மட்டும் போதாது. அது எந்த இனம் என்பதும் தெரியவேண்டும். மனிதக் குருதியின் தெளிநீரில் இட்டு உடல் வெப்பத்தில் வைத்தால், காண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் இனம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முளை போன்ற குழலை நீட்டும். பிற இனங்கள் பலவற்றை, அவை எந்தெந்தச் சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன என்று சோதித்துப் பிரித்தறிவர்.

அச்சோதனையும் ஒருமுறை ஏமாந்தது. 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள், ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த புதிய ஈஸ்ட் இனத்திற்குக் காண்டிடா ஆரிஸ் எனப் பெயரிட்டனர். ஆரிஸ் என்பது காதைக் குறிக்கும் இலத்தீன் சொல். 2009 முதல் 2011 வரை தில்லியில் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளைத் தாக்கியதும் இவ்வினமே. ஆயின் வழக்கமான சோதனை, அதன் நெருங்கிய உறவான காண்டிடா ஹேமுலோனி என்று அதனைக் காட்டியது. தில்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரி முதலிய அறிஞர்கள், அதன் மரபணுவை ஆராய்ந்து உண்மைப் பெயரைக் கண்டு, 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பலரும் பயன்படுத்தும் ஃபுளூகோனசோல் என்னும் மருந்துக்கு அது அடங்கவில்லை என்பதும் புலனாயிற்று.

பெயர் தெரிந்ததால் மருத்துவம் தெளிந்தது. அவ்வினம் கட்டிலிலும் கருவியிலும் தங்கி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. எனவே நோயாளியைத் தனியே வைத்துக் காத்தலும் வேண்டும் என உணர்ந்தனர். 2022ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம், மிகக் கொடிய நான்கு காளான்களுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. புரதங்களின் எடையைக் கொண்டு சில நிமிடங்களில் இனத்தைக் கூறும் கருவிகளும் இன்று உள்ளன.

பனையேறிக்குக் கலயத்தின் நுரையே போதிய அறிவிப்பு. மருத்துவருக்கோ, நுரை எழுப்பிய உயிரின் பெயரும் வேண்டும். பகையை இன்னதென அறிந்த பின்னரே அதற்குரிய படைக்கலத்தைத் தேர்ந்தெடுத்தல் இயலும்.