கரிசல் வீடும் செனட் இல்லமும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு ஓர் உண்மை அனுபவத்தில் தெரியும். மழைக்காலத்தில் இந்த மண் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணோடு அடித்தளம் அசையும். சுவரில் கீறல் விழும். ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்பாகக் கீறலை அடைப்பதும் சுண்ணாம்பு பூசுவதும் எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை. கட்டி முடிப்பதோடு செலவு முடிவதில்லை என்பது கரிசல் எனக்குக் கற்பித்த முதல் பொருளாதாரப் பாடம்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் சேப்பாக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்தப் பாடம் நினைவுக்கு வருகிறது. அங்கே நிற்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம்.

அந்தக் கட்டடத்துக்கும் கரிசலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, எங்கள் பகுதி இளைஞர்கள் பாளையங்கோட்டையில் படித்தாலும் மதுரையில் படித்தாலும் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகமே. என் தாய்மாமா தமது பட்டச் சான்றிதழைச் சட்டமிட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு அருகே மாட்டியிருந்தார். எங்கள் தெருவில் அதைப் பார்த்துப் படிக்கப் போனவர்கள் பலர், நானும் ஒருவன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளில் நடந்தது. அதற்கெனச் சொந்தக் கட்டடம் எழுப்பும் பணி 1874-இல் தொடங்கி 1879-இல் நிறைவுற்றது. வடிவமைத்தவர் இராபர்ட் சிஷோம். அருகிலுள்ள மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவர் வடிவமைத்ததே. பக்கத்திலிருந்த ஆர்க்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையோடு இசையும் வகையில், இந்திய – இஸ்லாமிய வளைவுகளையும் பைசாந்தியக் கூறுகளையும் இணைத்து, நான்கு மூலைகளிலும் கோபுரங்கள் எழுப்பினார். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் சூழ்ந்த பெருமண்டபம் அதன் உயிர்நாடி.

கட்டுமானம் நடந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். கிராமங்கள் காலியான அதே ஆண்டுகளில்தான் இந்தத் தூண்கள் எழுந்தன. அன்றைய மாகாண வருவாயில் முதன்மையான பங்கு நிலத்தீர்வை. அதில் மானாவாரிக் காட்டின் தீர்வையும் அடங்கும். அந்தப் பஞ்ச காலத்தில் இப்படியொரு மாளிகை தேவையா என்று கேட்பது நியாயமே. ஆனால், ஏழைகளின் வரிப்பணம் அதில் கலந்துவிட்டது. அதைச் சிதைய விடுவது அந்தப் பணத்தை இரண்டாம் முறை வீணாக்குவதாகும்.

அந்தப் பணத்துக்கு ஈடான பொதுப்பயனை இந்த இல்லம் நெடுங்காலம் அளித்தது. தலைமுறை தலைமுறையாகப் பட்டமளிப்பு விழாக்கள் இங்கே நடந்தன. 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை சென்னை மாகாணச் சட்டப்பேரவை கூடியதும் இங்கேதான். சேலம் மாவட்டத்தில் அவ்வாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கிய மதுவிலக்குக்கான சட்டம் அந்த மாதங்களில் நிறைவேறியதே.

நூற்றாண்டு விழாக் கலையரங்கம் எழுந்த பின்னர் பட்டமளிப்பு விழா அங்கே இடம் மாறியது. செனட் இல்லத்தின் பயன்பாடு குறைந்தது; சிதைவு பெருகியது. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டி அது சீரமைக்கப்பட்டது. எனினும், அதன் பின்னரும் அந்தக் கதவுகள் பொதுமக்களுக்காகத் திறந்த நாள்கள் மிகக் குறைவு.

பழைய கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் வீழ்வதில்லை. மாடியில் மழைநீர்க் குழாய் சருகால் அடைபடும். தேங்கிய நீர் சுண்ணாம்புக் காரைக்குள் இறங்கும். பறவை எச்சத்தில் வந்த அரச விதை விரிசலில் வேர் விடும். கடலோரத்தின் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே உதிர்க்கும். மனித நடமாட்டமுள்ள கட்டடத்தில் இவை தொடக்கத்திலேயே கண்ணில் படும். பூட்டிய கட்டடத்தில் கூரை ஒழுகிய பிறகே தெரியும். அப்போது நூறு ரூபாய் வேலை இலட்ச ரூபாய் வேலையாகியிருக்கும்.

நமது நிதி நடைமுறை இதற்கு நேர்மாறானது. விழா ஆண்டில் பெருந்தொகை ஒதுக்குவது எளிது, கல்வெட்டுத் திறக்கலாம். ஆண்டுதோறும் குழாய் அடைப்பு நீக்கும் சிறுதொகைக்குக் கல்வெட்டு இல்லை. நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

பல்கலைக்கழகத்தின் நெருக்கடி உண்மையானது. 2024 தொடக்கத்தில், வருமான வரி நிலுவை தொடர்பாக அதன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதை நாடறியும். ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திண்டாடும்போது பழைய மண்டபம் முக்கியமா என்ற கேள்வியை, ஓய்வூதியத்தில் வாழும் நானே அலட்சியப்படுத்த முடியாது. அதனால்தான், ஊதியக் கணக்கோடு போட்டியிடாத தனி வைப்பு நிதி வேண்டும் என்கிறேன். முன்னாள் மாணவர்களும் அரசும் சேர்ந்து அதை உருவாக்கலாம். அதன் வட்டியைப் பராமரிப்புக்கு மட்டுமே செலவிட வேண்டும்.

அதனினும் முக்கியம், மண்டபத்தைப் பயன்படுத்துவது. பக்கத்திலேயே சான்று உண்டு. 2012-இல் தீக்கிரையான சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் மீட்டெடுக்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமளித்தது. செனட் இல்லத்தில் பல்கலைக்கழக வரலாற்றுக் கண்காட்சி அமைக்கலாம், ஆய்வரங்குகள் நடத்தலாம், குறைந்த கட்டணத்தில் பள்ளி மாணவர்களை அனுமதிக்கலாம். கோவில்பட்டியிலிருந்து சுற்றுலா வரும் மாணவியும் அந்தப் பெருமண்டபத்தில் நின்று, தன் ஊரின் வரியும் இதில் இருக்கிறது என்று அறிய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மாடிக் குழாய்களின் அடைப்பை நீக்குவதற்குக் காலமும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். இந்த ஆண்டு அதிலிருந்தே தொடங்கலாம்.