விலாப்புறத்தில் மூச்சு
சேற்றுக் கலங்கலில் தேடுபவரின் உயிர், சிலிண்டரைத் தாங்கும் வார்ப்பட்டையில்

மலம்புழா, இடுக்கி அணைகளில் மூழ்கியவரைத் தேடி இறங்குபவருக்கு முதல் எதிரி ஆழமல்ல, சேறு. காலால் ஒரு முறை கலக்கினால் போதும், சொந்தக் கையே தெரியாது.

முதுகுச் சுமையை விலாவின் இருபுறமும் மாட்டும் 'சைடு மவுண்ட்' முறை இங்கே கைகொடுக்கும். 2018 ஜூலை 2 அன்று தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் கண்டுபிடித்த பிரிட்டிஷ் வீரர்கள் ஸ்டான்டன், வொலந்தன் நம்பியது இதைத்தான். உடல் தட்டையாகிறது, இரு வால்வுகளும் கண்ணெதிரே.

வார்ப்பட்டை வாங்குபவர்கள் பிராண்டைத்தான் விசாரிக்கிறார்கள். பார்க்க வேண்டியது காற்றுப்பை. அது இடுப்பருகே அகன்றிருக்க வேண்டும். தோளருகே காற்று சேர்ந்தால் கால் தாழும், சேறு கிளம்பும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது வால்தூக்கி மிதக்கும். அதை இழுத்து மாட்ட இடுப்பில் நகரும் வளையம் தேவை. எஃகு மிதக்காது. ஆனால் பெரிய காற்றுப்பை கேட்கும்.

கடலில் பழகியவர் ஈயக்கட்டியைக் குறைத்தாக வேண்டும். நன்னீர் சுமார் 2.5 சதவீதம் லேசு. கருவிகளோடு 100 கிலோ என்றால் இரண்டரைக் கிலோ கழிவு. இடுக்கியின் முழுக் கொள்ளளவு மட்டமோ கடலுக்கு மேல் 2,403 அடி. அங்கே மேலேறும் நேரக் கணக்கும் வேறு.

கடையில் போட்டுப் பார்ப்பது உதவாது. ஆழமற்ற நன்னீரில், சிலிண்டர் ஏறக்குறைய காலியான நிலையில், அசையாமல் படுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.