கர்னல் இடம் மாறி உட்கார்ந்தால்: டம்ப் ஏன் பொருந்தவில்லை?

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நேயர் கேட்டிருக்கிறார்: "விர்ச்சுவல் மெஷின் உறைஞ்சு போச்சு. ஹோஸ்ட்ல இருந்து மெமரி டம்ப் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். க்ராஷ் டூல்ல திறந்தா, விஎம்லினக்ஸும் டம்பும் பொருந்தலைன்னு வருது. டம்பை அழிச்சிடலாமா?"

அழிச்சிடாதீங்க. என்ன நடந்ததுன்னு சொல்ல இனி அது ஒண்ணுதான் இருக்கு.

விஎம்லினக்ஸ் ஃபைலில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முகவரி கர்னலை பில்ட் பண்ணும்போதே எழுதப்பட்டுவிடும். 64 பிட் எக்ஸ்86-இல் அது வழக்கமாக 81000000 என்று முடியும் இடத்தில் தொடங்கும். ஆனால் தாக்குபவர் முகவரியை ஊகிக்கக் கூடாது என்று கேஏஎஸ்எல்ஆர் வந்தது. 2014-இல் லினக்ஸ் 3.14-இல் சேர்ந்தது, 2017-இல் 4.12 முதல் தானாகவே இயங்குகிறது. ஒவ்வொரு பூட்டிலும் கர்னல் மொத்தமாக வேறு இடத்துக்கு நகரும். எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாசல்ல 'பழைய எண், புது எண்'ணு எழுதியிருக்கும் இல்லையா, அதுமாதிரி. இங்கே தெரு முழுக்க ஒரே அளவு தள்ளல். கர்னல் 93000000-இல் தொடங்கினால் தள்ளல் 12000000. அந்த ஓர் எண் போதும், எல்லா வீட்டையும் கண்டுபிடிச்சிடலாம்.

கேடம்ப் எடுத்த டம்பில் இந்த எண் குறிப்பாகக் கூடவே வரும். (2005-இல் கேடம்பை உருவாக்கியவர்களில் ஐபிஎம் இந்தியாவின் விவேக் கோயலும் ஒருவர்.) ஹோஸ்ட்டிலிருந்து எடுத்ததில் அந்தக் குறிப்பு இல்லாமல் போகலாம். புதிய க்ராஷ் பதிப்புகள் ரெஜிஸ்டர்களைப் பார்த்துத் தாமே கணக்கிடப் பார்க்கும். எப்போதும் முடியாது.

ஆனால் தள்ளலைத் தேடும் முன் வேறொன்றைப் பாருங்க. டம்பில் ஸ்ட்ரிங்ஸ் கமாண்டை ஓட்டி 'லினக்ஸ் வெர்ஷன்' வரியை எடுத்து, விஎம்லினக்ஸில் உள்ள அதே வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. பில்ட் எண், தேதி உட்பட. கேஏஎஸ்எல்ஆர் அந்த வரியைத் தொடாது. வேறாக இருந்தால் ஃபைலே தப்பு. நான் ஒருமுறை ரெண்டு நாள் தள்ளலைத் தேடினேன். கடைசியில் பார்த்தால், கர்னல் அப்டேட் ஆகி ரீபூட் ஆகாமல் இருந்த மெஷின். நான் வைத்திருந்தது புதுக் கர்னலின் டீபக் பேக்கேஜ், ஓடிக்கொண்டிருந்தது பழசு!

வரி பொருந்தினால், அதே டம்பில் 'கர்னல்ஆஃப்செட்' என்ற சொல்லைத் தேடுங்க. அந்தக் குறிப்பு கர்னலின் மெமரியிலும் இருக்கும் என்பதால், டம்ப் சுருக்கப்படாமல் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதைக் க்ராஷுக்கு கேஏஎஸ்எல்ஆர் ஆப்ஷனில் கொடுங்க. ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் மெஷினில் போய் கால்சிம்ஸ் பார்த்து எடுத்த எண்ணைக் கொடுக்காதீங்க, அது வேற பூட்டின் எண்.

இன்னும் திறக்கலைன்னா, பிசிகல் முகவரி தனியாக நகர்ந்திருக்கும். புதிய கர்னல்களில் அதே குறிப்பில் 'ஃபிஸ்பேஸ்' இருக்கும். அதில் ஒரு வில்லங்கம்: கர்னல்ஆஃப்செட் ஹெக்ஸில் இருக்கும், ஃபிஸ்பேஸ் சாதாரணப் பதின்ம எண், சில நேரம் மைனஸ் குறியோடுகூட. பார்த்து மாத்துங்க.