ஸ்டீயரிங் ஆடுகிறதா? பாக்ஸை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

'12 வருஷத்து பிக்கப் சார். ஸ்டீயரிங் ரொம்ப ஆடுது. பாக்ஸ் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா, இல்ல வண்டியையே வித்துடலாமா?'

வயல் பார்க்கப் போகிற ஊர்களில் பூச்சி, நோய்க் கேள்விகளோடு இப்படிப்பட்ட கேள்விகளும் வருகின்றன. காய்கறியோ பூவோ, விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. வண்டி நின்றால் அன்றைய அறுவடை வீணாகும். ஓடும்போது ஸ்டீயரிங் கைவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே இந்தக் கோளாறைத் தள்ளிப்போடக் கூடாது. காரணம் தெரியாமல் செலவு செய்யவும் கூடாது.

இலை மஞ்சளானதும் யூரியாவைத் தூக்கிப் போடுவதில்லை. தண்ணீர் தேங்கியதா, வேர் அழுகலா, சத்துக் குறைவா என்று பார்த்த பிறகே மருந்து. வண்டிக்கும் அதே முறைதான். எந்த மூட்டு ஆடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருள் வாங்க வேண்டும்.

ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம் வரை

பழைய பிக்கப்கள் பலவற்றில் ஸ்டீயரிங் தண்டு கீழே ஒரு கியர் பெட்டிக்குள் போகும். அதுதான் ஸ்டீயரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து வரும் கை, டிராக் லிங்க் என்ற கம்பியைத் தள்ளி இழுத்து ஒரு சக்கரத்தைத் திருப்பும். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட், அடுத்த சக்கரத்தைத் திருப்பும். இந்தக் கம்பிகளின் முனைகளில் உள்ள உருண்டை மூட்டுகளே டை ராட் எண்ட். முன்பக்கம் கட்டை ஆக்ஸில் உள்ள வண்டிகளில் சக்கரம் கிங் பின்னில் திரும்பும். மற்றவற்றில் பால் ஜாயின்ட். ராக் வகை ஸ்டீயரிங்கில் பாக்ஸும் டிராக் லிங்கும் இருக்காது. ராக்கின் இரு முனைகளிலும் டை ராட் இருக்கும். சோதிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒவ்வொரு மூட்டிலும் அரை நூல் தேய்ந்தாலும், எல்லாம் சேர்ந்து ஸ்டீயரிங் வளையத்தில் இரண்டு, மூன்று அங்குல ஆட்டமாகத் தெரியும். அதைப் பார்த்ததும் பழி பாக்ஸ் மேல் விழுந்துவிடுகிறது.

இருவர் சேர்ந்தால் 10 நிமிடம்

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். முன் சக்கரங்கள் நேராக, தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். மற்றவர் டார்ச் அடித்து, தண்டிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வரவேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால், ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. மூட்டின் மேல் கை வைத்தால் 'டக்' என்ற தட்டல் விரலுக்கே தெரியும்.

பவர் ஸ்டீயரிங் வண்டியில் என்ஜின் ஓடினால்தான் இந்தச் சோதனை சரியாக வரும். அப்போது யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. மூட்டில் கை வைக்காமல், பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்கள். தக்காளி ஏற்றும் ஒரு விவசாயி, புது பாக்ஸுக்கு விலைகூடப் பேசிவிட்டார். ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்தபோது, பாக்ஸே சேஸிஸ் மேல் நகர்ந்தது. இரண்டு போல்ட்கள் தளர்ந்திருந்தன. அவற்றைப் புதிதாகப் போட்டு இறுக்கியதும் ஆட்டம் பாதியானது. மீதி, ஒரு டை ராட் எண்டில் இருந்தது. பாக்ஸுக்கு ஒன்றுமில்லை. போல்ட்களைப் பார்க்கும்போதே அந்த இடத்தில் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்றும் துடைத்துப் பாருங்கள்.

ஜாக்கி போட்டுப் பார்ப்பது

அடுத்து ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். மேல்கீழ் ஆட்டம் இல்லாமல், இடதும் வலதும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், டை ராட் எண்ட் அல்லது அதன் இணைப்புகள்.

அறிகுறியும் காரணமும்

ஒரு பக்கமாக இழுக்கிறதா? முதலில் இரண்டு முன் டயர்களின் காற்றைச் சமமாக்குங்கள். பிறகு முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். சிறிது தூரம் ஓட்டியதும் ஒரு பக்க ஹப் மட்டும் அதிகமாகச் சுட்டால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இருபுறமும் டேப் பிடித்து அளங்கள். அளவு வித்தியாசப்பட்டால், பட்டையின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறுகிறதா? ரிம்முக்கு உள்ளே காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வயல் வழியாகப் போய்வரும் வண்டிகளில் இது சாதாரணம். கழுவினாலே சரியாகிவிடும். அதன் பிறகும் உதறினால் வீல் பேலன்ஸ், ரிம் கோணல் பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழுந்ததும் உதறத் தொடங்கி, வண்டியை நிறுத்தும் வரை நிற்காமல் உதறினால், கிங் பின் அல்லது டை ராட் தேய்ந்திருக்கலாம். இது ஆபத்தானது.

கனமாகத் திரும்புகிறதா? முன் சக்கரங்களைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். தூக்கியதும் லேசாகிவிட்டால், டயர் காற்று, கிங் பின்னின் அடி பேரிங், பவர் ஸ்டீயரிங் ஆயில், பெல்ட் இவற்றைக் கவனியுங்கள். தூக்கியும் கனமாகவே இருந்தால், கிரீஸ் இல்லாத கிங் பின், துருப்பிடித்த தண்டு ஜாயின்ட், அல்லது பாக்ஸ்.

டயரும் பேசும். முன் டயர்களில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்கள் முன்னால் அதிகம் உள்வாங்கியிருக்கலாம். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் விரிந்திருக்கலாம். அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பாக்ஸின் மேலே உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முதலிலேயே இறுக்காதீர்கள். பாக்ஸின் கியர் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடு ஆட்டம் போகும்வரை இறுக்கினால், முழுக்க ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. மற்ற எல்லா மூட்டும் சரி என்று தெரிந்த பிறகு, அனுபவமுள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை இது.

வளைந்த டை ராடை நெருப்பில் காட்டி நிமிர்த்துவது, உடைந்த கையை வெல்டிங் வைப்பது, பழைய இரும்புக் கடை டை ராட் எண்டைப் போடுவது மூன்றும் கூடாது. டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். பிறகு கட்டாயம் அலைன்மென்ட் செய்யுங்கள். ஸ்பிளிட் பின் புதிதாக இருக்க வேண்டும். துளை நேராக வரவில்லையென்றால் நட்டை அடுத்த வெட்டுக்கு இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள்.

பாரமும் பராமரிப்பும்

எல்லாம் சரியாக இருந்தும் பாரம் ஏற்றினால் மட்டும் ஸ்டீயரிங் மிதப்பது போல் இருந்தால், குறை பாரம் ஏற்றிய விதத்தில். பின்பக்கம் கனம் கூடினால் முன் சக்கரம் தரையில் அழுந்தாது. கனமான மூட்டைகளைக் கேபினை ஒட்டி அடுக்குங்கள். வாழைத்தார்களைப் பின்கதவுக்கு வெளியே நீட்டி ஏற்றாதீர்கள்.

கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்குக் கையேட்டில் உள்ளபடி கிரீஸ் அடியுங்கள். வாய்க்கால் தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கி வந்தால், கணக்குப் பார்க்காமல் உடனே அடியுங்கள். டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்தால் உள்ளே மண் புகுந்துவிடும். மூட்டின் ஆயுள் அதோடு முடிந்தது. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. உண்டு. அதோடு நிற்காமல், ஒவ்வொரு அறுவடைக்கு முன்பும் இந்த 10 நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மூட்டு கழன்று விழும் அளவுக்கு ஆடினாலும், பள்ளத்தில் தொடங்கிய உதறல் நிற்காவிட்டாலும், ஸ்டீயரிங் திடீரெனப் பிடித்துக்கொண்டாலும் அன்று அந்த வண்டியில் பாரம் ஏற்ற வேண்டாம். ஒரு நடை வாடகை வண்டிக்குக் கொடுப்பது நஷ்டமல்ல.

இதுபற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், வண்டி பாக்ஸ் வகையா ராக் வகையா, கோளாறு எந்த வேகத்தில் வருகிறது, பாரத்தோடா வெறும் வண்டியிலா, டயர் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்ற நான்கையும் எழுதுங்கள். பதில் சொல்ல எளிதாக இருக்கும்.